முதியவர்களின் மாத்திரைப் பையைப் பிரித்துப் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. பெரிய காரியம் அது. ஆனால் அந்த மாத்திரை போய்ச் சேரும் பையில் வேறென்ன கிடக்கிறது என்று பார்ப்பதையும் இத்திட்டத்தின் கட்டாய வேலையாக்க வேண்டும்.

அரசு தரும் பிரஷர் மாத்திரை அட்டையில் 'அம்லோடிபின்' என்றிருக்கும். தனியார் டாக்டர் எழுதித் தந்த அட்டையில் கம்பெனிப் பெயர்தான் பெரிதாகத் தெரியும். இரண்டும் ஒன்றென்று அறியாமல் இரண்டையும் போட்டுக்கொண்டால் 5 மி.கி. 10 ஆகிறது, கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்கிறது. ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது தலைசுற்றி விழுகிறார்கள், இடுப்பு எலும்பு முறிகிறது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இதைவிட ஆபத்து. எனலாப்ரில் அல்லது லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் ஒரு வாரத்துக்குள், எல்லா மருந்தையும் பாயில் பரப்பச் சொல்லுங்கள். கண் சொட்டு, இன்ஹேலர், லேகியம், ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் எல்லாமே. கடையில் வெட்டித் தந்த அட்டைத் துண்டில் பெயரும் காலாவதித் தேதியும் போயிருக்கும். அவற்றைத் தனியே வையுங்கள். "ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "காலையில எதெது போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க பாட்டி" என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பாருங்கள். எழுந்து நின்ற முதல் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் கடைசியாக வந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் மேல் மட்டும் இதைச் சுமத்துவது நியாயமில்லை. ஃபார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பின் ஆறாம் ஆண்டுப் பயிற்சி மாணவர்களை மருந்தாளுநரின் மேற்பார்வையில் உடன் அனுப்பலாம்.

வீட்டில் வைத்தே எதையும் நிறுத்தச் சொல்லக்கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் பல மாதம் போட்ட அல்பிரசோலத்தைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோபுரோலாலை அப்படி விட்டால் இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வரலாம். பாயில் பரப்பிய மருந்துகளின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போகட்டும். எது தொடரும், எது குறையும், எது வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட ஒரே தாள், பெரிய தமிழ் எழுத்தில், அந்த வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
முதியோர் மருத்துவத்திலும் மருந்தகப் பணியிலும் இருப்போர்