பிள்ளையின் கண்வழியே மூளை அழுத்தத்தை அறியலாம்: திருகோணமலை சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் வைத்திய அத்தியட்சகர்களுக்கும்,

வணக்கம்.

தலையில் அடிபட்டோ மூளைக்காய்ச்சலோடோ வரும் பிள்ளையின் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று அறியக் கண்ணில் செய்யும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையை, மூதூர், கிண்ணியா, கந்தளாய் வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பழக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சிறுவர் விடுதியில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். தகப்பனுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் தாங்கியில் இருந்து வந்து விழுந்த பிள்ளைகளையும், மாமரத்தால் விழுந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அழுத்தம் ஏறினால் பிள்ளை சத்தியெடுக்கும், சோர்ந்து தூங்கும். சாதாரணக் காய்ச்சல்காரப் பிள்ளையும் அதையேதான் செய்யும். நாடி குறைந்து, இரத்த அழுத்தம் கூடி, மூச்சு ஒழுங்கு கெட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்குள் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டிருக்கும்.

அழுத்தத்தைத் திட்டமாக அளக்க மண்டையோட்டில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும். அது நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை. சி.ரி. ஸ்கானுக்குப் பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும், கதிர்வீச்சும் படும். ஒளியடித்துப் பார்த்தால் கண்ணுக்குள் தெரியும் நரம்பு வீக்கம் உருவாக மணிக்கணக்கோ நாட்கணக்கோ ஆகலாம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழியைத் தொட்டாவது பார்க்கலாம். ஒன்றரை வயதளவில் அதுவும் மூடிவிடும்.

பார்வை நரம்பு மூளையின் நீட்சி. மூளையைப் போர்த்திய உறையும் அதற்குள் இருக்கும் நீரும் இந்த நரம்பைச் சுற்றி விழியின் பின்புறம் வரை வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் நீர் அங்கே தள்ளப்பட்டு, உறை விரைவிலேயே உப்பிவிடும். மூடிய இமையில் ஜெல் பூசி, அழுத்தாமல் லீனியர் புரோபை (மெஷினின் தட்டையான நேர்முனைக் கைக்கருவியை) வைத்து, விழிக்கு 3 மில்லிமீற்றர் பின்னால் உறையின் விட்டத்தை அளப்பார்கள். இரண்டு கண்ணிலும் அளக்க வேண்டும். பழகிய கைக்குச் சில நிமிட வேலை. பிள்ளை தாயின் மடியிலேயே இருக்கலாம்.

எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 2002இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று, ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் 4.5 மில்லிமீற்றரையும், அதற்குக் குறைந்தோரில் 4 மில்லிமீற்றரையும் எல்லையாகச் சொன்னது. 2016இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் நேரடியாக அளந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டபோது எல்லை ஏறக்குறைய 5.5 ஆக வந்தது. இவ்வளவு சிறிய உறையில் ஒரு மில்லிமீற்றர் பெரிய வித்தியாசம். ஆகவே ஓர் எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு அதன்படி நடக்கச் சொல்லாதீர்கள். அளவு குறைவாக இருக்கிறதென்று மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் ஸ்கானைத் தள்ளிப்போடவும் விடாதீர்கள். உறை உப்பியிருந்தால் முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும் முன் நின்று யோசிக்கலாம். தலைமாட்டை உயர்த்திவிட்டு, அழுத்தத்தைக் குறைக்க மனிற்றோல் மருந்தா 3 சதவீத உப்புக் கரைசலா என்று நிபுணரிடம் தொலைபேசியில் உடனே கேட்கலாம். மருந்து கொடுத்தபின் அதே பிள்ளையைத் திரும்ப அளந்து பார்க்கலாம். எனக்கு இதுவே பெரிய பயனாகத் தெரிகிறது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் மூதூர்ப் பக்கத்தாருக்கு நகரம் கிட்டிவிட்டது. கொழும்பு இன்னும் 260 கிலோமீற்றர் அளவு தூரம்தான். அம்புலன்ஸ் ஒன்றே நிற்கும் இரவில் எந்தப் பிள்ளையை முதலில் ஏற்றுவது என்று தீர்மானிப்பவருக்கு இந்த அளவு கைகொடுக்கும்.

இதற்கென்று தனி மெஷின் வேண்டியதில்லை. இருக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷினுக்கு லீனியர் புரோபும், கண்ணுக்கேற்ப ஒலியின் சக்தியைக் குறைக்கும் வசதியும் இருந்தால் போதும். விழி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் புரோபை வைக்கவே கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். கதிரியக்க நிபுணரும் கண் வைத்திய நிபுணரும் கூட நின்று பழக்கட்டும். பெற்றோரின் சம்மதத்தோடு நம் மாவட்டத்தின் சுகதேகிப் பிள்ளைகளையும் அளந்து பதிந்தால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கென்று ஓர் அளவு கிடைக்கும்.

முதலில் ஒரே ஒரு வைத்தியசாலையில் தொடங்குங்கள். பயிற்சியில் தாதியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தலையை அசையாமல் பிடிப்பதும், பயந்துபோன தாய்க்கு அவளுடைய மொழியில் விளங்கப்படுத்துவதும், நடுச்சாமத்தில் திரும்ப அளக்க வேண்டும் என்று டொக்டரை எழுப்புவதும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர் ஒருவர்
உப்புவெளி, திருகோணமலை