உன் கோப்பும் என் வெயிலும்

ஒத்தக்கடை
சித்திரை 10

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், லேப்டாப் விசிறியை எந்தச் சூட்டில் ஓடவிடுவது என்று திங்க்ஃபேன் நிரலுக்குச் சொல்ல நீ எழுதி அனுப்பிய கோப்பும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே கட்டைப் பிரித்துவிட்டார்கள். இப்போது பேப்பரில் இருக்கிற சின்ன எழுத்தைக்கூட வாசித்துக் காட்டுகிறார். உன்னை விசாரித்தார்.

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். உன் கோப்பை அப்படியே போட்டதும் விசிறி ஒரு நிமிஷம் ஓடுவதும் ஒரு நிமிஷம் நிற்பதுமாக இருந்தது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, ஒண்ணு ஓடட்டும், இல்லே நிக்கட்டும்" என்றாள். ஒரே சீராக இரைந்தால் காது பழகிவிடும். விட்டுவிட்டு இரைவதைத்தான் தாங்க முடியவில்லை.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. உன் கணக்கில் 45 டிகிரியில் ஓடி 43-ல் நிற்கிறது. உன் கொடைக்கானல் குளிருக்கு அது சரி. இங்கே மொட்டை மாடிக்குக் கீழே என் அறையில் இரவு பத்து மணிக்கும் 35 டிகிரி. பகலெல்லாம் வெயில் குடித்த யானைமலையும் இருட்டிய பிறகு அனலைத்தான் விடுகிறது. விசிறி இழுப்பதே அந்தக் காற்றை. அறையின் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக எந்த விசிறியாலும் முடியாது. டெர்மினலில், சிப்பின் சூட்டைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 42-க்கும் 46-க்கும் நடுவில் ஊசலாடுகிறது. உன் இரண்டு எண்களும் அந்த ஊசலுக்குள்ளேயே விழுந்துவிட்டன.

அதனால் 58-ல் ஓடி 50-ல் நிற்கும்படி மாற்றினேன். நடுவில் எட்டு டிகிரி இடைவெளி, அதுதான் முக்கியம். 80-ஐத் தாண்டினால் முழு வேகம். இப்போது அறை அமைதியாக இருக்கிறது. திங்க்ஃபேன் நிரல் நடுவில் செத்தாலும் பயமில்லை. அது முன்பே குறித்து வைத்த நேரத்துக்குள் அதனிடமிருந்து கட்டளை வராவிட்டால், லினக்ஸுக்குள் விசிறியை இயக்கும் கர்னல் டிரைவரே அதை ஓடவிட்டுவிடும்.

ஆனால் மாப்ளே, இதையெல்லாம் செய்யும் முன்பே பின்மூடியைத் திறந்திருக்க வேண்டும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது சூடு 97 வரை போனதால்தான் கடைசியில் திறந்தேன். செம்புக் குழாய் முடியும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்குமே, அவற்றுக்கும் விசிறிக்கும் நடுவில் சாம்பல் நிறத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தேன், ஒரே பட்டையாகக் கையோடு வந்தது. சிப்பின் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அரிசி மணி அளவு புதிதாக வைத்து மூடினேன். அதே வீடியோ வேலை, இப்போது 82-க்கு மேல் ஏறவில்லை. வழி அடைத்துக் கிடக்கும்போது விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றி என்ன பயன்?

நீயும் திறந்து பார். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடு. தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள், கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

இன்னொன்றும் செய்தேன். பகல் வேளையில், சிப்பை வழக்கத்தைவிட வேகமாக ஓடவைக்கும் டர்போவை நிறுத்திவிடுகிறேன். இன்டெல் சிப் என்றால் இன்டெல்_பிஸ்டேட் அடைவில் நோ_டர்போ என்று ஒரு கோப்பு இருக்கும், ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, அதில் 1 என்று எழுதினால் போதும். மறுதொடக்கம் செய்தால் பழையபடி ஆகிவிடும். வேலை சில நிமிஷம் கூடுதலாக இழுக்கிறது. ஆனால் கைவைக்கும் இடம் சுடுவதில்லை. சித்திரை, வைகாசி முழுக்க இப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது வருவதாக எழுதியிருந்தாய், மாற்றிவிடாதே. லேப்டாப்பையும் எடுத்து வா. இங்கே நான்கு நாள் ஓடவிட்டுப் பார்த்து உனக்கும் ஒரு கோடைக் கோப்பு எழுதிவிடலாம். அப்புறம், மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கி வரச்சொல்லி அம்மா சொன்னார்.

அன்புடன்,
உன் மாப்ளே