சொல்லிவிட்டுப் போங்கள்: பிரியப்போகும் புரோக் ராக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புரோகிரசிவ் ராக் கலைஞர்களுக்கு,

வணக்கம். நீண்ட பாட்டும் சிக்கலான தாளமும் கொண்ட புரோகிரசிவ் ராக் (சுருக்கமாகப் புரோக்) இசையைப் பல வருடம் சேர்ந்து வாசித்துவிட்டு, இனி போதும் என்ற முடிவுக்கு வந்திருக்கும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பிரியாதீர்கள் என்று கெஞ்ச வரவில்லை. அது உங்கள் வாழ்க்கை, உங்கள் முடிவு. ஆனால் பிரிகிறோம் என்பதை எங்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். ரசிகர்கள் சார்பில் நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான்.

இப்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு நாள் காலையில் நான்கு வரி அறிக்கை வரும். காலவரையற்ற ஓய்வு எடுத்துக்கொள்கிறோம் என்று இருக்கும். ரசிகர்களின் அன்புக்கு நன்றி இருக்கும். காரணம் மட்டும் இருக்காது. அதற்கப்புறம் எங்கள் பாடு ஆரம்பிக்கும். அறிக்கைக்குக் கீழே ஐந்து பேர் பெயரும் இருக்கிறதா, நான்குதானா என்று எண்ணுவோம். டிரம்மர் தன் பக்கத்தின் அறிமுக வரியிலிருந்து குழுவின் பெயரை எடுத்துவிட்டாரா என்று போய்ப் பார்ப்போம். கடைசிக் கச்சேரியின் வீடியோவை ஓடவிட்டு, கிடார் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாரா என்று ஆராய்வோம். இரண்டு வருடத்துக்கு முந்தைய பேட்டியில் பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியத்துக்கு இப்போது அர்த்தம் தேடுவோம்.

இப்படித் துருவிப் பார்க்க எங்களைப் பழக்கியது நீங்கள்தான். இருபது நிமிடப் பாட்டில் மூன்றாவது நிமிடத்தில் வந்த மெட்டு, பதினேழாவது நிமிடத்தில் வேறு சுருதியில், வேறு தாளத்தில் திரும்ப வருவதைப் பிடிப்பதற்காக ஒரே ஆல்பத்தை வாரக்கணக்கில் கேட்டவர்கள் நாங்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டு உங்கள் நான்கு வரி அறிக்கையைப் படித்தால், எழுதாமல் விட்டதுதான் முதலில் கேட்கும்.

நீங்கள் விட்ட இடத்தை வதந்தி நிரப்பிவிடும். யாரோ ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவார். பாடகரின் மனைவி, மேனேஜர், கடைசியாகச் சேர்ந்த இளைஞர் என்று பெரும்பாலும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பழைய ஆளின் இடத்தில் வந்து ஒரு தவறும் செய்யாமல் வாசித்தவரை, நீ வந்ததால்தான் எல்லாம் போயிற்று என்று திட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அப்படித் திட்டுவது ரசிகர்களின் குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரைக் காப்பாற்ற உங்களுடைய இரண்டு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும்.

போர்க்குபைன் ட்ரீ என்ற ஆங்கிலேயக் குழுவின் கதை உங்களுக்குத் தெரியும். 2010 அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. அதன் பாடகரும் தலைவருமான ஸ்டீவன் வில்சன் தனியாகப் பெரிய ஆளானார். குழுவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அது முடிந்த கதை என்கிற மாதிரியே பதில் வந்தது. நம்பியவர்கள் துக்கம் அனுசரித்தார்கள், நம்பாதவர்கள் காத்திருந்தார்கள், இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று கேலி செய்துகொண்டது. 2021 நவம்பரில்தான் மூன்று பேராகத் திரும்பி வரும் செய்தி வந்தது. புதிய பாட்டுகளின் வேலை 2012 வாக்கிலேயே ரகசியமாகத் தொடங்கியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. 2022 ஜூனில் வந்த ஆல்பத்துக்கு முடிவு, தொடர்ச்சி என்ற இரண்டு சொற்களையும் ஒரு சாய்கோடு போட்டுச் சேர்த்துத் தலைப்பு வைத்தார்கள். ஆல்பம் அருமை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் பல வருடம் பேஸ் கிடார் வாசித்த காலின் எட்வின் அதில் இல்லை. அவரை நேசித்தவர்களுக்கு விடைகொடுக்க ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. இவ்வளவு இழுத்தடிக்க வேண்டியிருந்ததா?

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1974 செப்டம்பரில் கிங் கிரிம்சன் குழுவின் கிடார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், குழு முடிந்தது என்று பட்டென்று அறிவித்தார். அடுத்த மாதம் ஆல்பம் கடைக்கு வந்தபோது அதை வாசித்த குழுவே இல்லை. கொடுமைதான். ஆனாலும் ஆல்பத்தை வாங்கியவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினார். 1981-இல் ஃபிரிப் அதே பெயரில் பாதிப் பேர் புதியவர்களாக உள்ள குழுவோடு வந்தபோது, பொய் சொன்னாய் என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மனசு மாறினால் மாறட்டும். அன்றைக்கு உண்மை எதுவோ அதை அன்றைக்குச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் மூவர் குழுவான ரஷ்ஷை நினைத்தால் அப்படிக் கேட்க எனக்கு வாய் வராது. 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் அவர்கள் வாசித்தபோது, இதுவே கடைசி என்று மேடையில் யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் நீல் பியர்ட் டிரம்ஸை விட்டு எழுந்து முன்னால் வந்தார். கச்சேரி முடிந்ததும் பின்பக்கமாகவே போய்விடுகிற மனிதர் அவர். அன்றைக்கு மேடையின் முன்வரிசைக்கு வந்து, கெடி லீயையும் அலெக்ஸ் லைஃப்சனையும் தோளோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வணங்கினார். பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அவருக்கு மூளைப் புற்றுநோய் வந்தது. மூன்று வருடத்துக்கு மேல் நெருங்கிய நண்பர்கள் அதைக் கட்டிக் காத்தார்கள். 2020 ஜனவரி 7 அன்று அவர் இறந்த செய்திகூட மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அந்த மௌனத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உடல்நிலை, குடும்பம், மனசு, இவை உங்களுடையவை. எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இனி கச்சேரி உண்டா, இல்லையா?

அந்த ரஷ்ஷிலிருந்தே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும் மறுபடி மேடையேறப் போவதாக அறிவித்தபோது, டிரம்ஸுக்கு அனிகா நிலெஸ் வருகிறார் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். பியர்ட்டின் மனைவியும் மகளும் ஆதரவு தெரிவித்த செய்தியும் கூடவே வந்தது. பியர்ட் இல்லாமல் ரஷ்ஷா என்று மனசு ஒப்பாத ரசிகர்கள் உண்டு, அது இயல்பு. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று சொல்ல அங்கே இடமில்லை.

இன்னும் பொருத்தமான முன்மாதிரி ஜெனிசிஸ். 2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கம், அவர்களுடைய கடைசிக் கச்சேரி. குழுவின் பாடகரும் பழைய டிரம்மருமான ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியாது, உட்கார்ந்துதான் பாடினார். டிரம்ஸில் அவர் மகன் நிக். இனிமேல் நாங்கள் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று மேடையிலேயே சிரித்துக்கொண்டு சொன்னார். 1975-இல் விலகிப்போன பழைய பாடகர் பீட்டர் கேப்ரியல் அன்று பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். அழுதவர்கள் நிறையப் பேர். வதந்தி ஒன்றுமில்லை, கட்சி கட்டிச் சண்டையும் இல்லை. எது முடிந்தது, எப்போது முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் தாங்குவோமா என்று தயங்க வேண்டாம். உங்கள் நிலைமை எங்களுக்குத் தெரியும். இந்த மாதிரி இசையை மேடையில் வாசிக்க எவ்வளவு ஒத்திகை வேண்டும் என்று தெரியும். ஸ்ட்ரீமிங்கில் மூன்று நிமிடப் பாட்டுக்கும் இருபது நிமிடப் பாட்டுக்கும் ஒரே கணக்குதான் என்று தெரியும். டூருக்குக் கைக்காசைப் போட்டுவிட்டு, ஊர் திரும்பியதும் வேறு வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் பாதிப் பேர் என்றும் தெரியும். பணம் கட்டுப்படியாகவில்லை, அதனால் நிறுத்துகிறோம் என்று சொன்னால் உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது. சில சமயம் வழிகூடப் பிறக்கலாம். 1997-இல் அமெரிக்காவில் டூர் போகப் பணமில்லை என்று மரில்லியன் என்ற ஆங்கிலேயக் குழு வெளிப்படையாகச் சொன்னபோது, ரசிகர்களே ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 2001-இல் வந்த ஆல்பத்துக்கு, அது பதிவாவதற்கு முன்பே 12,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். உண்மையைச் சொல்லப்போய்த்தான் அந்தக் குழு பிழைத்தது.

பெயருக்காகச் சண்டை வரும் என்றால் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு தீர்த்துக்கொள்ளுங்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயருக்காக, அந்தக் குழுவிலிருந்து விலகிய ரோஜர் வாட்டர்ஸ் 1986-இல் நீதிமன்றம் போனார். அடுத்த வருடம் டிசம்பரில் சமரசம் ஆனது. நால்வரும் மறுபடி ஒரே மேடையில் நிற்க 2005 ஜூலை 2, ஹைட் பார்க் வரை ஆயிற்று. 2008-இல் அவர்களில் ஒருவரான ரிக் ரைட் இறந்துவிட்டார். கிடைத்தது அந்த ஓர் இரவுதான். யெஸ் குழுவோ 2017-இல் அதே பெயரில் இரண்டு அணியாக ஊர் ஊராகப் போனது. எந்த யெஸ்ஸுக்கு டிக்கெட் வாங்குகிறோம் என்று பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது.

கடைசியாக, பிரியும் முன் உட்கார்ந்து பேசும் நாளில் ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பதிவுகள் யாரிடம் இருக்கும் என்று எழுதி வையுங்கள். ஜென்டில் ஜயன்ட் குழு 1980-இல் கலைந்தது, திரும்பச் சேரவே இல்லை. அவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்களை ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்யப்போனபோது, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான மல்ட்டிடிராக் டேப் கிடைத்த பாட்டுகளை மட்டும்தான் செய்ய முடிந்தது. மற்ற பாட்டுகளின் டேப் இல்லை. உங்கள் விஷயத்தில் அது டேப்பாக இருக்காது, யாரோ ஒருவருடைய பழைய லேப்டாப்பிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும். கோபத்தில் இருக்கும் ஒருவர் அதை அழித்துவிட ஒரு நிமிடம் போதும். ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். கடைசிக் கச்சேரி என்று ஒன்று வைத்தால், எல்லாச் சேனலையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவை முன்கூட்டியே கேளுங்கள். தேதியைச் சொல்லிவிட்டுக் கேட்டால் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகர்களில் ஒருவன்