கிளுவை வேலிக்கு ஒரு பதில்

கோவை
ஆவணி 20

அன்புள்ள பழனிச்சாமி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் போனில் நீ பாதிப் பேச்சில் ஆட்டைப் பார்க்க எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படி.

ஒரே ராத்திரியில் 7 ஆட்டை நாய்கள் கடித்துப் போட்டதை நீ எழுதியிருந்த விதம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் செவலைக் கிடாயை ஐயனார் பொங்கலுக்கு விட்டிருந்தாய் என்றாயே. கோபத்தில் நீ கேட்டது நியாயம்தான்: "நீ இஞ்சினியர், சொல்லு. கிளுவை வேலியைப் புடுங்கிப்போட்டுட்டு கல்லுக்கால் நட்டு கம்பிவலை அடிச்சறலாமா?" அஞ்சு வருஷம் முன்னால் கேட்டிருந்தால், காலுக்குக் கால் எத்தனை அடி, குழி எவ்வளவு ஆழம் என்று அன்றைக்கே கணக்குப் போட்டு அனுப்பியிருப்பேன். முள்மரத்தையே நட்டு வளர்த்த அந்த உயிர்வேலியைப் பிடுங்கச் சொல்ல இப்போது கை ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் சொல்லுவேன்.

சித்திரையில் மேகாலயா போயிருந்தோம். சின்னவள் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம், அவளுக்கு ஏதோ பிராஜெக்ட், துணைக்கு நானும் அவள் அம்மாவும். ஷில்லாங்கிலிருந்து சோரா. நாம் பள்ளிக்கூடத்தில் சிரபுஞ்சி என்று படித்த ஊர்தான். அங்கிருந்து டிர்னா என்ற ஊர்வரை கார் போகும். அப்புறம் பள்ளத்தாக்கில் மூவாயிரத்துக்கு மேல் படி இறங்கினால் நொங்ரியாத். இறங்கும்போது என் முழங்கால் பேசிய பேச்சை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

கீழே ஓடைக்கு மேல் ஒரு பாலம், அதற்கு மேல் இன்னொரு பாலம். இரண்டும் உயிரோடு இருக்கிற ஒரே மரத்தின் வேர். என்ன மரம் என்று நினைக்கிறாய்? கம்பெனி வரவேற்பறையில் தொட்டியில் வைத்திருப்பார்களே, தடித்த பளபளக்கிற இலையோடு, ரப்பர் பிளான்ட் என்று, அதேதான். கேரளத்தில் பால் வெட்டுகிற ரப்பர் இல்லை. இது ஆல, அத்தி வகை. தொட்டியில் தூசி படிந்து நிற்கிற அந்த அப்பாவியை அங்கே பார்த்தால் அடையாளம் தெரியாது. பாறையைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அந்த மலையில் வாழ்கிற காசி (Khasi) பழங்குடி மக்கள் இதைச் செய்கிற முறை சுலபம், காலம்தான் நீளம். ஓடைக்கரையில் மரத்தை நட்டு, விழுது இறங்குகிற வயசு வந்ததும், இளம் வேர்களை மூங்கில் சாரத்தின் மேலோ, பாதியாகப் பிளந்து குடைந்த பாக்கு மரத்தின் வழியாகவோ எதிர்க்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பக்கம் மண்ணில் இறங்கிவிட்டால் வேர் தடிக்கத் தொடங்கும். மூங்கில் அங்கே இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது, மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். வருஷத்துக்குச் சராசரி 11,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர், நம் காட்டில் 600 பெய்தால் நாம் கோயிலுக்குப் போகிறோம். ஆள் நம்பி நடக்கிற அளவுக்குப் பாலம் ஆக ஒரு தலைமுறை ஆகிறது. நட்டவன் நடக்கிற பாலம் பெரும்பாலும் அவன் அப்பன் நட்டது.

இரண்டு வேர் குறுக்கே படுத்திருந்த ஓர் இடத்தில் குனிந்து பார்த்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒட்டு மாங்கன்றில் கட்டின இடம் தெரியாமல் போகுமே, அந்த மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே மரமாகிவிட்டது. நான் 34 வருஷம் வெல்டிங்கும் போல்ட்டும் பார்த்தவன், விரலால் தடவிக்கொண்டே நின்றேன். பெண் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டாள், "அப்பா வேரைக் கொஞ்சுறார்" என்று.

இன்னொன்று. வெற்றிலை, பாக்குச் சுமையோடு ஒரு கிழவி எதிரே வந்தாள். பாலத்தின் நடுவில், நடையை நிறுத்தாமல், தொங்கிக்கொண்டிருந்த பென்சில் தடிமன் வேர் ஒன்றைப் பிடித்துக் கைப்பிடி வேரில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். நம் ஆத்தா வாசலில் போகிற போக்கில் கீரைப்பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கிப் போடுவாளே, அப்படி. நாம் கட்டின பாலத்தில் இந்த வேலைக்கு மெயின்டனன்ஸ் என்று பெயர் வைத்து, டெண்டர் விட்டு, பில் பாஸ் பண்ணி, கடைசியில் செய்யாமல் விடுவோம்.

ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெர்டினாண்ட் லுட்விக் என்ற ஆர்க்கிடெக்டும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட 74 பாலங்களை ஆராய்ந்து 2019-ல் கட்டுரை போட்டிருக்கிறார்கள். பெண்ணின் லேப்டாப்பில் படித்தேன். 2022-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இது சேர்ந்துவிட்டது. எனக்கு அதையெல்லாம்விட மனசில் நின்றது வேறு. நான் கட்டிக்கொடுத்த பாலம் எதுவானாலும் திறப்புவிழா நாள்தான் அதற்கு நல்ல நாள். அப்புறம் துரு, விரிசல், தேய்மானம். (கான்கிரீட் கொஞ்ச நாள் இறுகிக்கொண்டே போகும், அதைச் சொல்லி என்னை மடக்காதே.) அந்த வேர்ப்பாலம் முதல் நாள் ஓர் ஆட்டுக்குட்டியைத் தாங்காது; பேரன் காலத்தில் ஊரையே தாங்குகிறது.

ஊருக்கு வந்ததும் பெண்ணுக்கு அடுத்த கிறுக்கு. காளானில் செங்கல். அவள் வகுப்பில் நியூயார்க்கில் 2014-ல் கட்டின ஒரு கோபுரத்தைக் காட்டியிருக்கிறார்கள். சோளத்தட்டையில் காளான் இழையை வளர்த்து, அச்சில் போட்டுக் கல்லாக்கி, சுமார் 10,000 கல்லில் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிளையான பி.எஸ்.1-ன் முற்றத்தில் 40 அடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். கோடை முடிந்ததும் பிரித்து மட்கவைத்து உரமாக்கிவிட்டார்கள். டேவிட் பெஞ்சமின் என்பவரின் வேலை. நம் வீட்டுக் கார் ஷெட் அதற்கப்புறம் லேப் ஆகிவிட்டது.

வைக்கோலை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் போட்டு, வடித்து, சிப்பிக் காளான் விதையைக் கலந்து பிளாஸ்டிக் டப்பாவில் அமுக்கினோம். முதல் தடவை எல்லாம் பச்சைப் பூஞ்சணம் பிடித்துப் போனது. வைக்கோலைக் கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, எங்களுக்கு அவசரம். இரண்டாவது தடவை பன்னிரண்டாம் நாள் டப்பாவைத் திறந்தால், அடடா, வைக்கோலே தெரியவில்லை. தயிர் உறைந்த மாதிரி வெள்ளை வெளேரென்று, மழை பெய்து ஓய்ந்த மண் வாசத்தோடு. தட்டினால் தெர்மாகோல் சத்தம். ஏறி நின்றால் அமுங்குகிறது, சுவருக்கு ஆகாது. பார்சலுக்குள் வைக்கிற தெர்மாகோலுக்குப் பதிலாக இதை வெளிநாட்டில் விற்கிறார்கள், அந்த வேலைக்குச் சரிதான்.

அதில் ஒரு சங்கதி. கல் தயாரானதும் அடுப்பில் சூடுகாட்டி அந்த உயிரைக் கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும். சோம்பலில் நாங்கள் விட்ட இரண்டு கல்லில் பக்கவாட்டில் கொத்தாகக் காளான் முளைத்துவிட்டது, அன்றைக்குக் குழம்பு. மிச்சத்தை ஓவனில் வைக்கும்போது எனக்கு காஞ்சிபுரத்துப் பட்டு ஞாபகம் வந்தது. கூட்டைக் கட்டிமுடித்த புழுவை வெந்நீரில் போடுகிறோமே, அதே கணக்கு. உயிரைக் கூலிக்குப் பிடித்து, வேலை முடிந்ததும் கணக்கை முடித்துவிடுகிற வகை இது. தப்பென்று சொல்ல வரவில்லை. தெர்மாகோல் நூறு வருஷம் சாக்கடையில் மிதப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் நொங்ரியாத்தில் பார்த்ததும் இதுவும் உயிர்வடிவமைப்பு (பயோடிசைன்) என்ற ஒரே பெயரில் பேசப்படுகிறபோது எனக்கு ஒப்பவில்லை. பெண்ணோடு சண்டையே போட்டேன். அவள் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஹெங்க் யோங்கர்ஸ் செய்த கான்கிரீட்டைச் சொன்னாள்: கலவையிலேயே பாக்டீரியா விதையும் அதற்குத் தீனியும் போட்டுவிடுவது. விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போனால் தூங்குகிற விதை விழித்து, தீனியைத் தின்று சுண்ணாம்புக் கல்லாக்கி விரிசலை அடைத்துவிடும். விரிசலுக்குச் சிமெண்டுப்பால் ஊற்றியே தலை நரைத்தவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியாதா? நல்ல வேலைதான். அதுவும் மயிரிழை விரிசல்வரைதான் கேட்கும்.

சரி, உன் வேலிக்கு வருகிறேன்.

ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. படித்ததும் எனக்குத் தோன்றியது: மேகாலயாவுக்கு நான் படி இறங்கியிருக்க வேண்டாம், அப்புச்சி தோட்டத்து இட்டேரியில் நின்றிருந்தாலே போதும். இரண்டு பக்கமும் கிளுவை, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற தடம். வேலியில் கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான் எல்லாம் ஏறிக்கிடக்கும். செம்போத்து உள்ளே நடந்து போகிற சத்தம் கேட்டு நீ பாம்பென்று ஓடினாயே. கோடையில் ஒரு இலை இல்லாமல் செத்த குச்சி மாதிரி நின்றுவிட்டு, ஒரு மழைக்கு ஒரே வாரத்தில் பச்சையாகிவிடும். நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் ஆட்டுக்கு வயிறு நிறைத்தால், பஞ்சத்தில் வேலியே தீனி. அதுவும் போத்து, அதாவது வெட்டின கிளையை, நட்டு வளர்த்த கட்டுமானம்தான். யாரும் அதற்கு உயிர்வடிவமைப்பு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேலியில் நாய் எப்படி நுழைந்தது? கிளுவை தோற்றதாலா? உன் அப்பா போன பிறகு அந்த வேலியில் யாராவது கத்தி வைத்தார்களா, சொல். முன்னெல்லாம் மழைக்கு முன்னால் ஒரு வாரம், ஓங்கினதை வெட்டி, வெட்டின போத்தையே சந்தில் நட்டு, முள்ளை வைத்து அடைத்துவிடுவார். அந்தக் கிழவி வேரைச் சுற்றிவிட்டுப் போனாளே, அந்தக் கை நம் வேலிக்கு இல்லாமல் போய் பதினைந்து வருஷம் ஆகிறது. மேலே ஓங்கி, கீழே கால் விட்டு, ஆள் குனிந்து போகிற ஓட்டை. உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அங்கே பங்கு நிலம் இருந்தது, நானும் விற்றுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவன்தான்.

அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு வாரம் வேலிக்கு ஆளும் கையும் உன்னால் ஒதுக்க முடியாது என்றால், கம்பிவலை போட்டுவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உயிருள்ள வேலிக்குப் பார்க்க ஆள் வேண்டும். அது இல்லாமல் பழம்பெருமைக்கு அதை வைத்திருந்தால் ஆடுதான் சாகும். முடியும் என்றால் கிளுவையைப் புடுங்காதே. இந்த வருஷமே ஆட்டைக் காப்பாற்ற வேண்டுமே, கிளுவை அடைய மூன்று நான்கு வருஷம் ஆகுமே என்பாய். ஆகும். அதுவரைக்கும் வேலியின் உள்பக்கம் நாலடி உயரத்துக்கு வலையை மட்டும் கட்டு. நாய் தோண்டாமல் இருக்க அடியில் ஒரு சாண் மண்ணுக்குள் புதை. கல்லுக்கால் எல்லா இடத்திலும் வேண்டாம், தடித்த கிளுவை நிற்கிற இடத்தில் அதையே காலாக வைத்துக்கொள். ஆனால் கம்பியை மரத்தைச் சுற்றி இறுக்கிவிடாதே, தடிக்கும்போது கழுத்தை அறுத்துவிடும். பட்டி போடுகிற மேற்கு மூலையை முதலில் அடை. வலை துருப்பிடித்து உதிர்கிற காலத்தில் உள்ளே கிளுவை நெருங்கியிருக்கும்.

போத்துக்கு உன் காட்டு வேலியே போதும், வெளியே தேடாதே. கட்டைவிரலைவிடத் தடித்ததாக, மார்பு உயரத்துக்கு வெட்டி, வேப்பமர நிழலில் சில நாள் போட்டு வை, வெட்டுவாய் காயட்டும். ஐப்பசி முதல் மழை இறங்கினதும் போன் பண்ணு, மறுநாள் காலை காங்கேயம் பஸ்சில் இருப்பேன். பெண்ணும் வருகிறேன் என்கிறாள், அவளுக்கு இதுதான் அடுத்த பிராஜெக்டாம். குழி போட உன் பக்கம் ஓர் ஆளைச் சொல்லி வை, என் முழங்கால் குனிய விடாது.

சரவணனுக்குப் பெண் பார்த்தது என்ன ஆயிற்று, அதை எழுதவே இல்லையே? உன் சர்க்கரை எவ்வளவு? தங்கச்சியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு: நாங்கள் வருகிற அன்றைக்கு எதை வேண்டுமானாலும் சமைக்கட்டும், காளான் மட்டும் வேண்டாம்.

உன்,
நடராசன்