கிடாரியை வைப்பதா, விற்பதா?

நுவரெலியா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பசு ஒரே ஈற்றில் இரண்டு கன்று போட்டதைப் பார்க்க லயமே திரண்டு வந்ததாமே! சந்தோஷம். ஆனால் ஒன்று காளை, மற்றது கிடாரி என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கிடாரியைப் பாலுக்கு வளர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே மச்சான். காளையோடு கூடப் பிறந்த கிடாரிகளில் நூற்றுக்கு 90க்கு மேல் மலடு. அப்படிப்பட்ட கிடாரியைப் பிரீமார்ட்டின் என்பார்கள்.

பெரியப்பா இப்போதே சினை ஊசி போட்டவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். சொல்லிவை, அந்த மனுஷன்மேல் பழியில்லை, விந்திலும் பசுவிலும் குற்றமில்லை. எல்லாம் நச்சுக்கொடி செய்த வேலை. மாட்டுக்கு இரட்டை தங்கினால், சினைபிடித்து ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு கன்றின் கொடியும் ஒட்டி, இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆணுக்கு மட்டுமே உள்ள வை குரோமோசோமில் இருக்கிற எஸ்ஆர்வை மரபணு, காளைக் கன்றில் முதலில் விதைக்கொட்டையை உருவாக்கும். அந்த விதைக்கொட்டையிலிருந்து ஏஎம்எச் என்றொரு ஹார்மோன் சுரக்கும். கருப்பையாக வளர வேண்டிய குழாயைக் கரைப்பதுதான் அதன் வேலை. காளைக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதே இரத்தம் தங்கச்சிக் கன்றுக்குள்ளும் ஓடுகிறதே! அதன் கருப்பையும் சரியாக வளராது, சூலகமும் கெட்டுப்போகும். இத்தனைக்கும் அதற்கென்று வந்த மரபணுக்களில் ஒரு குறையும் கிடையாது. வெளியே பார்த்தால் அசல் கிடாரிதான்.

காரணம் நச்சுக்கொடிக் குழாய்கள்தான் என்று பிராங்க் லில்லி என்ற விஞ்ஞானி 1916இல் விளக்கினார். அப்புறம் 1945இல் ரே ஓவன் என்ற ஆராய்ச்சியாளர், இரட்டைக் கன்றுகளின் உடம்பில் இருவர் இரத்த அணுக்களும் கலந்தே இருப்பதைக் கண்டார். ஒன்றின் தோலை மற்றதில் ஒட்டினாலும் உடம்பு தள்ளுவதில்லை என்று மெடாவர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் காட்டினார்கள். அந்த வழியில் போன ஆராய்ச்சிக்குத்தான் 1960இல் மெடாவருக்கும் பர்னெட் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு. மாட்டுப்பட்டியில் தொடங்கிய சங்கதி எங்கே போயிருக்கிறது பார்.

உன் அக்காவை ஆட்டுக்குட்டிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். ஆட்டுக்கு இரட்டை சகஜம், குழாய் சேர்வது அபூர்வம்.

மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் கிடாரியைப் பார்க்கச் சொல். வழுவழுப்பான மெல்லிய குழாயைப் பிறப்புறுப்பில் மெதுவாக விட்டுப் பார்ப்பார். மலடாக இருந்தால், சாதாரணக் கன்றில் போகிற தூரத்தில் பாதி போனாலே அதிகம். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் இரத்தத்தில் வை குரோமோசோம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் புல்லும் புண்ணாக்கும் போட்டுவிட்டு, பருவத்துக்கு வரவில்லையே என்று தலையில் கை வைப்பதைவிட இது மேல்.

கொடி மறுநாள்வரை விழவில்லை என்று கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்களாமே, யார் சொன்ன யோசனை? இனி அப்படிச் செய்யாதே. பசுவின் கருப்பையில் கொடி சட்டைப் பொத்தான் மாட்டியதுபோல 70 முதல் 120 இடங்களில் பிடித்திருக்கும். மாதம் நிறையும்போது கன்றின் உடம்பில் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏற ஏறப் பசுவின் உடம்பில் சினையைக் காக்கும் புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடும். அந்தப் பிடிப்புகளும் தளரும். இரட்டை பெரும்பாலும் நாளுக்கு முந்தியே பிறப்பதால் தளர்ச்சி முழுமையாகாது. இழுத்தால் பாதி உள்ளேயே அறுந்து நின்று அழுகும். பசு தீனி எடுக்காமல் இருந்தாலோ, காய்ச்சலோ நாற்றமோ தெரிந்தாலோ வைத்தியருக்கு உடனே சொல்.

இங்கே ஒரே பனி. உருளைக்கிழங்குப் பாத்திகள் காலையில் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. சின்னவளுக்கு இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை. கணக்குதான் கழுத்தைப் பிடிக்கிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். வைத்தியர் வந்து பார்த்ததும் எனக்கு எழுது. காளைக்கு யாராவது விலை பேசினாலும் அதுவரை வாக்குக் கொடுக்காதே. சீம்பாலை மட்டும் இரண்டுக்கும் குறையில்லாமல் கொடு.

அன்புடன்,
ராஜு