பிழையான விடைகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் க.பொ.த. சாதாரண தரக் கணித மாதிரி வினாக்கள் தொடர்ந்து வருகின்றன. வினாக்கள் நல்லவை. ஆனால் நிகழ்தகவுக்கும் புள்ளிவிபரத்துக்கும் பக்கத்தின் அடியில் விடை மட்டுமே இருக்கிறது: 8/15, 22.1 என்று ஒற்றை வரி. துணுக்காயிலோ மல்லாவியிலோ முத்தையன்கட்டுப் பக்கத்திலோ இருக்கிற பிள்ளைக்குப் பின்னேரத்தில் ஓடிப்போய்க் கேட்க ரியூசன் ஆசிரியர் கிடையாது. தன் கொப்பியில் 12/25 வந்திருக்கிறது, பத்திரிகையில் 8/15 என்று இருக்கிறது. எங்கே பிசகினேன் என்று அந்தப் பிள்ளை யாரிடம் கேட்கும்? கொப்பியை மூடிவிடும். அல்லது விடையைப் பார்த்து எழுதிவிட்டு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

இந்த இரு பாடப்பகுதிகளையும் விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போக முடியாது. முதலாம் வினாத்தாளின் பகுதி ‘ஆ’வில் வழமையாகப் புள்ளிவிபர வினா ஒன்றும் நிகழ்தகவு வினா ஒன்றும் வருகின்றன. இரண்டாம் வினாத்தாளில் மீடிறன் (ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை தரவு என்ற எண்ணிக்கை) பரம்பலில் இருந்து இடை, அதாவது சராசரி, காணும் வினா வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. 35 என்ற சித்திக் கோட்டின் கீழேயும் மேலேயும் ஊசலாடுகிற பிள்ளைக்குக் கேத்திரகணித நிறுவலை விட இவை எட்டக்கூடிய புள்ளிகள். புதிய சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிள்ளைகள் விடும் பிழைகளும் ஆயிரம் விதமானவை அல்ல. திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பதினைந்துதான். அவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி அடையாளம் உண்டு: பிழையான விடையைப் பார்த்தாலே எந்தப் படியில் வழுக்கியது என்று சொல்லிவிடலாம்.

முதலில் இடையை எடுப்போம். 40 வயல்களில் ஏக்கருக்குக் கிடைத்த நெல் மூடைகள் என்று ஒரு பயிற்சி வினா. வகுப்பாயிடைகள் 12–16, 16–20, 20–24, 24–28, 28–32. மீடிறன்கள் முறையே 4, 9, 14, 8, 5. (சரியாக 16 மூடை கண்ட வயல் எந்த வகுப்பில் சேரும் என்ற குறிப்பு வினாவின் அடியில் இருக்கும். அதை வாசிக்காமல் கடக்கக் கூடாது.) நடுப்பெறுமானங்கள் 14, 18, 22, 26, 30. பரீட்சையில் கணிப்பான் கிடையாது என்பதால் எடுகொண்ட இடையாக (கணக்கை எளிதாக்க முதலில் உத்தேசமாக எடுக்கும் இடை) 22ஐ வைத்துக்கொள்வதே புத்தி. அப்போது விலகல்கள் –8, –4, 0, 4, 8. மீடிறனால் பெருக்கினால் –32, –36, 0, 32, 40. கூட்டுத்தொகை 4. அதை 40 ஆல் வகுத்தால் 0.1. ஆகவே இடை 22.1 மூடை.

இனிப் பிழையான விடைகளைப் பாருங்கள். 22.8 வந்தால், பிள்ளை 4ஐ 40 ஆல் வகுக்காமல் வகுப்புகளின் எண்ணிக்கையான 5 ஆல் வகுத்திருக்கிறது. 25.5 வந்தால், மறைக் குறிகளைக் கைவிட்டு 32, 36, 32, 40 எல்லாவற்றையும் கூட்டி 140 ஆக்கியிருக்கிறது. 24.1 வந்தால் நடுப்பெறுமானத்துக்குப் பதிலாக மேல் எல்லையை எடுத்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஆபத்தானது 22. ஐந்து நடுப்பெறுமானங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் வருவது அது. மீடிறனைத் தொடவே இல்லை. ஆனாலும் விடை 22.1க்குப் பக்கத்தில் நிற்பதால் “தசமத்தில்தான் சின்னப் பிழை” என்று பிள்ளை ஆறுதல்பட்டுப் போய்விடும். விடையை மட்டும் அச்சிடுவதால் வரும் கேடு இதுதான்.

இதே அட்டவணையில் ஆகார வகுப்பை, அதாவது மீடிறன் மிகக் கூடிய வகுப்பை, கேட்டால் 14 என்று எழுதுகிறவர்கள் நிறைய. 14 என்பது மீடிறன். கேட்டது வகுப்பை, விடை 20–24. இடையும் அந்த வகுப்புக்குள்ளேயே விழுந்திருக்கிறது. ஒரு மேடுபோல நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிற பரம்பலில் இடை ஆகார வகுப்பை விட்டு வெகு தூரம் போகாது. அதனால் 25.5 என்று வந்தவுடனேயே கை நின்று யோசிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும்.

மீடிறன்களைக் கூட்டிக்கொண்டே போய் வரையும் திரள் மீடிறன் வளையியில் ஒளிந்திருக்கிற பிழையைப் பல ஆசிரியர்களே கவனிப்பதில்லை. புள்ளிகளை மேல் வகுப்பெல்லைக்கு நேரே குறிக்க வேண்டும்: (16, 4), (20, 13), (24, 27), (28, 35), (32, 40). தொடக்கப் புள்ளி (12, 0). 16க்குள் நான்கு வயல்கள் முடிந்துவிட்டன என்பதுதான் முதற் புள்ளியின் பொருள். 14க்குள் நான்கும் முடிந்தன என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. மீடிறன் பல்கோணிக்கு நடுப்பெறுமானத்தில் குறித்த பழக்கத்தில் பிள்ளைகள் இங்கேயும் நடுவில் குறித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வளையி முழுவதும் வகுப்பின் அரைப் பருமன், அதாவது 2 அலகு, இடப்பக்கம் நகர்கிறது. இடையம் (ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் பெறுமானம்) 22க்குப் பதிலாக 20 ஆகிறது. ஏறுவரிசையில் கால் பங்கில் நிற்கும் முதலாம் காலணை ஏறத்தாழ 18.7, முக்கால் பங்கில் நிற்கும் மூன்றாம் காலணை ஏறத்தாழ 25.5. இவையும் 2 குறைந்துவிடுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே அளவு நகர்வதால் அவற்றின் வித்தியாசமான காலணையிடை வீச்சு மாறாமல் 6.8 அளவிலேயே நிற்கிறது! பின்பக்கம் பார்த்து அந்த ஒரு விடையை மட்டும் ஒப்பிடும் பிள்ளை, வரைபு முழுவதும் சரி என்று நம்பிவிடும். புள்ளிகளை அடிமட்டம் வைத்துத் தொடுக்காமல் கையால் ஒப்பமாக வரைய வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

நிரல்களை ஒட்டி ஒட்டி வரையும் வலையுரு வரையத்தில் வகுப்புப் பருமன் சமனில்லாமல் வரும்போது பரப்பளவுதான் மீடிறனைக் காட்டுகிறது. மேலே உள்ள அட்டவணையில் கடைசி இரு வகுப்பையும் சேர்த்து 24–32, மீடிறன் 13 என்று தந்தால், நிரலின் அகலம் இரட்டிப்பாகிறது, உயரம் 6.5 ஆக வேண்டும். 13 உயரத்துக்கு வரைந்தால் 26 வயல்களைக் காட்டியதாகிவிடும். அதேபோல 10–14, 15–19 என்று இடைவெளி விட்டுத் தந்த வகுப்புகளின் பருமன் 4 அல்ல, 5. வரைப்புகள், அதாவது வகுப்புகளின் உண்மையான எல்லைகள், 9.5, 14.5, 19.5 என்று போகும். வட்ட வரைபு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 72 பாகை 16 பேரைக் குறித்தால் முழு வட்டம் 80 பேர் என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்துவிடுகிறார்கள்.

இடைக்கும் இடையத்துக்கும் உள்ள வேறுபாட்டை வன்னியில் மழையை வைத்தே விளக்கலாம். ஒன்பது நாள் மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில் 5, 0, 96, 2, 0, 12, 3, 0, 8 என்று வைப்போம். கூட்டுத்தொகை 126, இடை 14. ஆனால் ஒன்பதில் எட்டு நாள் 14க்குக் குறைவாகவே பெய்திருக்கிறது. ஒரேயொரு நாள் கொட்டிய 96தான் இடையை மேலே இழுத்தது. ஏறுவரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 3. அதுவே இடையம். வரிசைப்படுத்தாமல் நடுவில் இருப்பதை எடுத்தால் 0 வரும். இடையாக 21 எழுதினால், மழை இல்லாத மூன்று நாளையும் கணக்கில் விட்டு 6 ஆல் வகுத்தது என்று பொருள். பூச்சியமும் ஒரு தரவுதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நிகழ்தகவுக்கு வருவோம். இங்கே பிள்ளைகள் முதலில் தெளிய வேண்டியது ‘கோடாத’ என்ற சொல், அதாவது எந்தப் பக்கமும் சாயாமல் எல்லாப் பேறும் சமமாக நிகழத்தக்கது. வினாவில் அதை வாசித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். தாயம் விளையாடும் சோகி ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். வாய் மேலே பார்க்க விழும், அல்லது கவிழ்ந்து விழும். பேறுகள் இரண்டு. அதற்காக நிகழ்தகவு 1/2 என்று எழுதலாமா? எழுத முடியாது. சோகியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூன். இரண்டு பேறும் சமமாக நிகழத்தக்கவை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒரே சோகியை 50 தடவை உருட்டி, கோடு கீறி எண்ணி, வாய் மேலே விழுந்த தடவைகளை 50 ஆல் வகுத்தால் கிடைப்பது பரிசோதனை முறை நிகழ்தகவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொரு சோகியை உருட்டினால் வேறு எண் வரும், அதுவும் சரிதான். கோடாத தாயக்கட்டையில் மட்டும் உருட்டாமலே 1/6 என்று எழுத உரிமை உண்டு. வினாத்தாளில் ‘ஒரே அளவான’, ‘எழுமாறாக’ (பார்த்துத் தெரியாமல்) என்று வருவதும் அந்த உரிமையைத் தருவதற்கே.

பேறுகளைக் கிளை கிளையாக வரையும் மரவரிப்படத்துக்குச் செலவில்லாத கருவி, ஒரே அளவான பத்துப் போத்தல் மூடியும் ஒரு துணிப்பையும். ஆறு சிவப்பு, நாலு நீலம். ஒன்றை எடுத்து மீண்டும் பையில் இடாமல் இரண்டாவதை எடுக்க வேண்டும். முதற் கிளைகள் 6/10, 4/10. சிவப்பு போன பிறகு பையில் 9 மூடிதான் மிச்சம்: 5/9, 4/9. நீலம் போனால் 6/9, 3/9. பாதைகள் வழியே பெருக்கினால் 30/90, 24/90, 24/90, 12/90. நான்கையும் கூட்டினால் 90/90. இந்தக் கூட்டல் சரிவராமல் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. ‘வெவ்வேறு நிறம்’ என்றால் இரண்டு பாதைகள்: 48/90, அதாவது 8/15. 12/25 வந்திருந்தால் பிள்ளை மூடியை மனதுக்குள் மீண்டும் பையில் போட்டுவிட்டது. பகுதியெண் இரண்டு தடவையும் 10. 4/15 வந்திருந்தால் சிவப்பு–நீலம் பாதையை எடுத்து, நீலம்–சிவப்புப் பாதையை மறந்துவிட்டது. ‘குறைந்தது ஒன்றாவது சிவப்பு’ என்று கேட்டால் மூன்று பாதையைக் கூட்டத் தேவையில்லை, 1இலிருந்து 12/90ஐக் கழித்தால் 78/90, சுருக்கினால் 13/15. பின்னங்களைக் கிளைகளிலேயே சுருக்க வேண்டாம். 6/10ஐ 3/5 ஆக்கியவுடன் பொதுப்பகுதி குலைந்து, கடைசிக் கூட்டலில் தேவையில்லாத வேலை வருகிறது. சுருக்குவது கடைசி வரியில்.

நெய்யரியில் (பேறுகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் கட்டத்தில்) குறிக்கும் வினாவிலும் இதே கதை. 1 முதல் 5 வரை இலக்கமிட்ட ஐந்து அட்டைகளில் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக, மீண்டும் இடாமல் எடுத்தால், 25 புள்ளிகளில் மூலைவிட்டத்தில் உள்ள (1,1), (2,2) போன்ற ஐந்தும் இல்லாமற் போகும். மாதிரிவெளியில், அதாவது நிகழக்கூடிய எல்லாப் பேறுகளிலும், மிஞ்சுவது 20. கூட்டுத்தொகை இரட்டை எண்ணாவது 8 புள்ளிகளில், ஆகவே 2/5. 13/25 எழுதியவர் மூலைவிட்டத்தை நீக்கவே இல்லை. 13/20 எழுதியவர் கீழே நீக்கிவிட்டு மேலே எண்ணும்போது மறந்துபோனார். இரண்டும் வேறு வேறு பிழை, இரண்டுக்கும் திருத்தமும் வேறு. இரண்டு தாயக்கட்டையில் கூட்டுத்தொகை 4 வர 2/36 என்று எழுதுபவர் (1,3)ஐயும் (3,1)ஐயும் ஒன்றாக எண்ணிவிட்டார். நெய்யரியில் (1,3), (2,2), (3,1) என்று புள்ளிகள் மூன்று.

வீட்டில் பயிலும் பிள்ளைக்கு நாங்கள் சொல்வது, ஒரு நாளைக்கு ஒரு வினா, நேரம் பார்த்து 15 நிமிடம். முடிந்ததும் வேறு வினாவுக்குத் தாவாமல் கிளைகளின் கூட்டுத்தொகை 1 ஆகிறதா, மீடிறன்களின் கூட்டுத்தொகை தந்த எண்ணிக்கைக்குச் சமனா, நிகழ்தகவு 1ஐத் தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். விட்ட பிழையைத் தனிக் கொப்பியில், வினாவை எழுதாமல், “5 ஆல் வகுத்தேன், 40 ஆல் வகுத்திருக்க வேண்டும்” என்று ஒரே வரியில் குறிக்கட்டும். மூன்று கிழமை போனால் அதே வரி எத்தனை தரம் வந்திருக்கிறது என்று எண்ணி, அந்தப் பிழைகளுக்கே ஒரு மீடிறன் அட்டவணை போடலாம். எந்தப் பிழை ஆகாரம் என்று தெரிந்தால் பரீட்சைக்கு முதல் நாள் எதைப் பார்ப்பது என்ற குழப்பம் இராது.

தங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விடயமல்ல. மாணவர் பக்கத்தில் பத்து வினாவுக்குப் பதிலாக மூன்று போடுங்கள். மிஞ்சும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் முழுப் படிமுறையையும், அதன் கீழ் “22.8 வந்ததா? எதால் வகுத்தீர்கள் என்று பாருங்கள்” என்பதுபோலப் பிழையான விடைகள் மூன்று நான்கையும் காரணத்துடன் அச்சிடுங்கள். படிமுறைக்கும் புள்ளி உண்டு என்பதால் அது பரீட்சைத் தாளிலும் பிள்ளைக்கு உதவும். முடிந்தால் பக்கத்தின் ஒரு மூலையில் சென்ரிமீற்றர்க் கட்டங்களை வெறுமையாக அச்சிடுங்கள். வரைபுத்தாள் எல்லாக் கிராமத்துக் கடையிலும் கிடைப்பதில்லை. பென்சிலால் அதிலேயே வளையியை வரைந்து பழகுவார்கள். இப்படியான வினாக்களையும் பிழை விளக்கங்களையும் தொகுத்து, கொடுப்பனவு எதுவும் எதிர்பாராமல், கிழமைதோறும் தங்களுக்கு அனுப்பிவைக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த நாளுக்குள் எத்தனை சொற்களில் வேண்டும் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள்.