திருப்பணி நிறைவு அறிக்கை: பலிபீடத்து இருமடிப் பலகை

அன்பார்ந்த பங்கு மக்களுக்கு,

கூரை ஓடு மாற்றியதும் சுவருக்கு வண்ணம் பூசியதும் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. ஊரில் எழுந்த பேச்செல்லாம் இருமடிப் பலகையை, அதாவது வழிபாட்டில் நினைவுகூரப்படுவோரின் பெயர்களைத் தாங்கும் மடிப்புப் பலகையை, அதிலிருந்து கொடையாளர் பெயர்களை நீக்கியதைப் பற்றியதே என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறோம்.

சிரிய மரபைச் சேர்ந்த நம் மலங்கரைத் திருவழிபாட்டின் ஆறு துப்தேன்களில், அதாவது திருப்பலியில் சொல்லும் நினைவு மன்றாட்டுகளில், முதல் மூன்று உயிரோடிருப்போருக்கும், பின் மூன்று கடவுளின் தாய், புனிதர், மறைவல்லுநர், இறந்த விசுவாசிகள் ஆகியோருக்கும் உரியவை. அதற்கேற்பக் கீல் பூட்டிய இரட்டைத் தேக்குப் பலகையும், உட்புறத்தில் பெயரட்டை செருகும் குழியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. தச்சரோ, நமக்குத் தெரியாமல் யாரோ சொன்னதைக் கேட்டு, கொடையாளர் பெயர்களை உட்பலகையில் செதுக்கிவிட்டார். நாங்கள் ஏற்க மறுத்ததும், இரண்டாம் தவணை வந்தால்தான் உளியைத் தொடுவேன் என்று வேலையை நிறுத்தினார். புது மரம் நம் செலவு, கூலி அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. மதிப்பீட்டைத் தாண்டிய 38,000 ரூபாய் அந்த மரத்தின் விலையேயன்றி வேறில்லை.

செதுக்கிய பெயர்களை நீக்கியது கொடையாளருக்கு அவமதிப்பு என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். இப்பலகையில் பெயர் இருப்பது திருச்சபையோடு ஒன்றிப்பின் அடையாளம். அதனால்தான் 519இல் உரோமையோடு இருந்த பிளவு நீங்கிச் சமரசமானபோது, கொன்ஸ்தாந்திநோபிளில் அந்தப் பிளவோடு தொடர்புடைய மறைமுதுவர் அக்காசியுசின் பெயரும், செனோ, அனஸ்தாசியுஸ் என்னும் பேரரசர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. பெயர் சேரும், பெயர் போகும். பழைய தந்தப் பலகைகளின் உட்புறம் மெழுகு பூசி எழுதுவதற்கென்றே குழிக்கப்பட்டிருந்தது. இத்தாலியின் பிரேசியாவில் உள்ள, 487ஆம் ஆண்டுக் கான்சல் (உரோமையின் ஆண்டு உயர்பதவியாளர்) பொயேத்தியுசின் பலகை பிற்காலத்தில் திருச்சபையின் கைக்கு வந்தபோது, அதன் உட்புறத்தில் இலாசர் உயிர்பெறும் காட்சியும் புனிதர் மூவரும் தீட்டப்பட்டார்கள். பதவி விளம்பரத்துக்குச் செய்த பொருளே அப்படி வழிபாட்டுக்கு வந்தது. நாம் வழிபாட்டுக்குச் செய்ததை விளம்பரத்துக்குத் திருப்பலாமா?

காணிக்கையாளர் பெயரை வாசிக்கும் வழக்கம் பழையதுதானே என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உண்மைதான், 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் எழுதிய மடலிலேயே அது உண்டு. ஆனால் இன்னார் இவ்வளவு தந்தார் என்று திருத்தொண்டர் வாசிக்க, தந்தவர் மக்களின் கைதட்டலில் மகிழ்வதைப் புனித எரோணிமுஸ் அக்காலத்திலேயே கண்டித்திருக்கிறார். கேட்டவருக்கு அன்று சொன்ன விடையும் இதுவே.

முதல் தேக்குத் தடியைத் தந்த தோட்டக் குடும்பத்தார், பித்தளைக் கீல் வாங்கித் தந்த மாதர் சங்கத்தார், அரக்குச் செலவை ஏற்ற இளைஞர் குழுவினர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய நம் பிள்ளைகள், பெயர் சொல்ல வேண்டாமென்று உண்டியலில் பெருந்தொகை இட்டவர் அனைவருக்கும் நன்றி. பெயர்கள் முழுவதும் காணிக்கைப் பதிவேட்டில் உள்ளன. தச்சருக்குத் தரவேண்டிய இறுதித் தவணை தீர்க்கப்பட்டு இரசீது பெறப்பட்டது. வரவு செலவுக் கணக்கை ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம்.

திருப்பணிக் குழுவினர்